வெள்ளைச் சேலை ஏன் நீலமாகுது? கல்யாண வீடியோ எடிட்டர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடியோ என்றால் நிச்சயம், திருமணம், ரிசப்ஷன், முட்டத்திலோ மாத்தூர் தொட்டிப்பாலத்திலோ எடுத்த அவுட்டோர் என எல்லாம் ஒரே ப்ராஜெக்ட்டில் கிடக்கும். பாதி முடித்த பையன் வேறு ஸ்டூடியோவுக்குப் போயிருப்பான். மீதி நம் கைக்கு வரும். இப்படி வருகிறவற்றில் கட்டிங் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எந்த எஃபெக்ட்டை எங்கே போட்டார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

சமீபத்தில் ஒன்று. மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார்: "அண்ணே, கோயில்ல அவ உடுத்தது வெள்ளைச் சேல. வீடியோவுல நீலமா தெரியுது. முன்னாடியே ரெண்டு மட்டம் சொல்லியாச்சு." ப்ரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்தேன். ஷாட்டின் மேல் ஒரு லூமெட்ரி, அதாவது கலர் திருத்தும் எஃபெக்ட். மேல் ட்ராக்கில் பூசை முழுக்க நீளும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் (கீழே உள்ள எல்லா ஷாட்டுக்கும் சேர்த்து எஃபெக்ட் போடும் வெற்று லேயர்) இன்னொன்று. இரண்டையும் அணைத்தாலும் சேலை நீலமாகவே இருந்தது. டைம்லைனில் கிளிப்பின் மேல் தெரியும் எஃப்எக்ஸ் (fx) குறிக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. டைம்லைனுக்கு வரும் முன் ப்ராஜெக்ட்டில் இருக்கும் மூலக் கிளிப்பான சோர்ஸ் கிளிப்பிலேயே மூன்றாவது ஒன்று உட்கார்ந்திருந்தது. காரணத்தைத் தேடாமல், ஒவ்வொரு கரெக்‌ஷனுக்கும் மேலே மேலே ஒன்று போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அந்த எஃப்எக்ஸ் குறியின் நிறத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. சாம்பல் என்றால் எதுவும் தொடவில்லை. மஞ்சள் என்றால் பொசிஷன், ஸ்கேல், ஒப்பாசிட்டி மாதிரி கூடவே இருப்பவற்றை மாற்றியிருக்கிறோம். ஊதா என்றால் தனியாக எஃபெக்ட் போட்டிருக்கிறோம். பச்சை என்றால் இரண்டும். சிவப்புக் கோடு இருந்தால் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் சோர்ஸ் கிளிப் டேபைத் திறந்து பாருங்கள். அங்கே ஒன்றை மாற்றினால் அதே கிளிப் டைம்லைனில் வருகிற எல்லா இடமும் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தக் குறியிலும் காட்டாத ஒன்றும் உண்டு. எஸ்-லாக்3-இல் (சோனி கேமராக்களின் வெளிறித் தெரியும் பதிவு முறை) எடுத்த ஃபுட்டேஜைப் புது வெர்ஷன்களில் ப்ரீமியரே கண்டுபிடித்து, சாதாரண டிவி நிறமான ரெக்.709-க்கு மாற்றிவிடும், அந்த செட்டிங் ஆனில் இருந்தால். அது தெரியாமல் மேலே அதே மாற்றத்தைச் செய்யும் ரெடிமேட் ஃபைலான கன்வர்ஷன் லட் ஒன்றைப் போட்டால் கான்ட்ராஸ்ட் இரண்டு மடங்கு ஏறி முகம் கருத்துவிடும். கேமராமேன் தலையில் பழி விழும், பாவம். கலர் வேலையைத் தொடங்கும் முன் கிளிப்பின் மாடிஃபை விண்டோவில் கலர் செட்டிங்கைத் திறந்து பார்ப்பது நல்லது.

வரிசையும் முக்கியம். நாம் போடும் எஃபெக்ட்டுகளை ப்ரீமியர் மேலிருந்து கீழாகக் கணக்கிடும். மோஷனும் (பொசிஷன், ஸ்கேல் இதில்தான்) ஒப்பாசிட்டியும் பேனலில் எங்கே தெரிந்தாலும் அவற்றுக்கு அப்புறம்தான் வேலை செய்யும். அதனால்தான் மணமக்கள் பெயரை ஸ்கேலில் பெரிதாக்கினால் டிராப் ஷேடோவும் கூடவே வீங்குகிறது. பெயர் மட்டும் வளரவேண்டும் என்றால், டிராப் ஷேடோவுக்கு மேலே டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்ட்டைப் போட்டு அதில் பெரிதாக்குங்கள்.

நெஸ்ட், அதாவது கிளிப்புகளைத் தனி சீக்வென்ஸுக்குள் போட்டு வைப்பது, எனக்குப் பிடிக்காத சமாச்சாரம். பரண் மாதிரி, ஏற்றி வைத்ததை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தவிர்க்கவும் முடியாது. 4கே-யில் எடுத்த மாத்தூர் ட்ரோன் ஷாட்டை 1080 சீக்வென்ஸில் வைத்து, ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் போட்டால், அளவு ஒத்துவரவில்லை, நெஸ்ட் பண்ணு என்று அதுவே சொல்லும். ஸ்பீட் மாற்றிய கிளிப்பிலும் இதே கதைதான். பண்ணுங்கள், ஆனால் "நெஸ்டட் சீக்வென்ஸ் 31" என்று விடாதீர்கள். "மாத்தூர் ட்ரோன் ஸ்டெபி" என்று பெயர் மாற்றப் பத்து வினாடிகூட ஆகாது.

அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்கும் அப்படியே. "கோயில் கலர்", "ரிசப்ஷன் ஸ்கின்" எனப் பெயரும் லேபிள் நிறமும் கொடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி ட்ராக் என்று வைத்துக்கொண்டால், அந்த ட்ராக்கின் கண் குறியை அணைத்தாலே யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும். லேயரின் முனை அடுத்த ஷாட்டின் மேல் நாலைந்து ஃப்ரேம் வழிகிறதா என்று ஸூம் செய்து பாருங்கள். ரிசப்ஷன் மேடையின் எல்.இ.டி. ஊதாவைக் குறைக்கப் போட்ட திருத்தம், அப்படி வழிந்து அடுத்து வரும் கடற்கரை ஷாட்டின் தொடக்கத்தைப் பச்சையாக்கிவிடும்.

டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஒவ்வொரு கலர் திருத்தமும் இருக்கும் கட்டங்களான நோடுகள் கண்முன்னே நிற்கும், கன்ட்ரோல்+டி அழுத்தி ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். ஆனாலும் லேபிள் இல்லாத பன்னிரண்டு நோடு இருந்தால் அங்கேயும் அதே தலைவலிதான். பல ஷாட்டைச் சேர்த்து க்ரூப் போட்டிருந்தால், அந்த க்ரூப்புக்கு உரிய ப்ரீ-கிளிப், போஸ்ட்-கிளிப் நோடுகள் இரண்டையும் திறந்து பார்க்க மறக்காதீர்கள்.

ப்ராஜெக்ட்டை வேறொருவருக்குக் கைமாற்றும்போது ப்ராஜெக்ட் மேனேஜர் மீடியாவைத் திரட்டிக் கொடுக்கும், வெளியே வாங்கிய ப்ளக்-இன்னைக் கொடுக்காது. அதனால் எந்த ப்ளக்-இன், எந்த வெர்ஷன், எந்த ஷாட் என்று ஒரு நோட்பேட் ஃபைல் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். அந்த ஷாட்டுகளை மட்டும் எஃபெக்ட்டோடு ப்ரோரெஸ் என்ற தரமான வீடியோ ஃபார்மட்டில் எக்ஸ்போர்ட் செய்து கூடவே வைத்துவிட்டால், வாங்குபவரிடம் அந்த ப்ளக்-இன் இல்லாவிட்டாலும் டெலிவரி நிற்காது.