அந்தக் காலத்து மனிதர்கள் ஓடவில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்னறை. பிரியாணி சாப்பிட்ட மயக்கத்தில் எல்லோரும் சாய்ந்து கிடந்த நேரம் பார்த்து, பெரியம்மாவுக்கு 1895-இல் எடுத்த ஒரு படத்தை டிவியில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஓடாத படம். ஒரு தோட்டக்காரர் ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. என்ன ஆச்சு என்று அவர் குழாயின் வாயை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். அப்புறம் துரத்தல், பிடித்தல், அடி. அவ்வளவுதான்.

பெரியம்மா சிரித்தார். ஆனால் தண்ணீர் முகத்தில் அடித்ததற்காக இல்லை.

“ஏன்டா, இந்த ஆளு கால்ல சுடுதண்ணி ஊத்திக்கிட்ட மாதிரி ஓடுறான்?”

ஊமைப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருவதே இந்த ஓட்டம்தான். ராஜா சவாரி போனாலும் சரி, சவ ஊர்வலம் போனாலும் சரி, எல்லோரும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல விடுவிடுவென்று போவார்கள். அந்தக் காலத்து கேமரா மட்டமானது, அதனால்தான் இப்படி என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. கேமரா ஒழுங்காகத்தான் எடுத்தது. தப்பான வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம்.

பெரியம்மாவுக்கு இதை விளக்குவது சுலபமாக இருந்தது. அவர் டர்பன் துணித் தொழிற்சாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் தைத்தவர். பின்னறையில் அவருடைய பழைய தையல் மெஷின் இன்னும் இருக்கிறது. அதன் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது துணி அசையாது. ஊசி மேலே போனதும், அடியில் இருக்கும் பல் எழும்பித் துணியை ஒரு தையல் தூரம் தள்ளிவிட்டு மறுபடி கீழே போய்விடும். நிற்பது, நகர்வது, நிற்பது, நகர்வது. வேகமாகச் சுற்றினால் துணி வழுக்கிக்கொண்டு ஓடுவது போலத் தெரியும், ஆனால் உண்மையில் அது ஒவ்வொரு தையலுக்கும் நின்று நின்றுதான் போகிறது.

சினிமா கேமராவும் அப்படித்தான். ஃபிலிம் வழுக்கிக்கொண்டே போனால் படம் முழுக்கக் கலங்கிவிடும். அதனால் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை மறைக்கும் தகடு, திறந்திருக்கும்போது ஃபிலிம் நிற்க வேண்டும். ஷட்டர் மூடிய இருட்டில் ஒரு கொக்கி ஃபிலிமின் ஓரத் துளைக்குள் நுழைந்து, ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப்படம், அளவு இழுத்துவிட்டு விலக வேண்டும். இந்தத் தோட்டக்காரர் படத்தை எடுத்த பிரெஞ்சு லூமியேர் சகோதரர்களில் தம்பியான லூயி, தையல் மெஷின் துணியை விட்டுவிட்டு நகர்த்தும் விதத்திலிருந்துதான் இந்த யோசனையைப் பிடித்தார். அண்ணன் ஒகுஸ்தும் அவரும் சேர்ந்து 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில் ஒரு காபிக்கடையின் அடித்தளத்தில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் இந்தத் தோட்டக்காரரும் ஒருவர். “அப்ப சினிமாவும் நம்ம தொழில்தான்னு சொல்லு” என்றார் பெரியம்மா. ஆமாம் என்றேன்.

அந்தக் கொக்கியை ஓட்டியது மோட்டார் இல்லை, கைதான். கேமராவின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம் நகரும். வினாடிக்கு இரண்டு சுற்று என்பது பழக்கம், ஆக 16 ஃபிரேம். ஆனால் மனிதக் கை கடிகாரம் இல்லையே. ஒருவர் 14-இல் சுற்றுவார், இன்னொருவர் 20-இல் சுற்றுவார். அதே ஆள் காலையில் ஒரு மாதிரியும் கை வலிக்கும் மாலையில் வேறு மாதிரியும் சுற்றியிருப்பார். அது அப்போது யாருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை. கண் இதையெல்லாம் மன்னித்துவிடும்.

காது மன்னிக்காது. 1920-களின் கடைசியில் படம் பேசத் தொடங்கியதும் வந்த சிக்கல் இதுதான். ஒலியும் ஃபிலிமோடு சேர்ந்து ஓடுகிறது. வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பாட்டின் சுருதி ஏறும், இறங்கும். அதனால் மோட்டார் வைத்து வினாடிக்கு 24 ஃபிரேம் என்று கட்டிப்போட்டார்கள். புதுப் புரொஜெக்டர்கள் எல்லாம் அந்த வேகத்துக்கே செய்யப்பட்டன. பழைய படங்களையும் அதிலேயே மாட்டினார்கள். 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லாமே ஒன்றரை மடங்கு வேகம். லூமியேர் படம் ஒவ்வொன்றும் சுமார் 17 மீட்டர் நீளம், 800 ஃபிரேமுக்கு மேல். 16-இல் ஓட்டினால் ஐம்பது வினாடிக்குக் குறையாது. 24-இல் ஓட்டினால் 35 வினாடி போலத்தான் வரும். தோட்டக்காரரின் ஆயுளில் கால் நிமிடத்தை நாம் திருடிவிட்டோம்.

இங்கே ஒரு கேள்வி வரும். வினாடிக்கு 16 தடவைதான் வெளிச்சம் விட்டுவிட்டு வந்தது என்றால் திரை மின்னிக் கண்ணைக் கெடுத்திருக்காதா? கெடுத்திருக்கும். விளக்கு வினாடிக்கு ஐம்பது தடவைக்குப் பக்கத்தில் அணைந்து அணைந்து எரிந்தால்தான் நம் கண் அதைத் தொடர்ந்த வெளிச்சமாக ஏற்கும். அதற்குக் கண்டுபிடித்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. புரொஜெக்டரின் சுழலும் ஷட்டரில் ஒன்றுக்குப் பதில் மூன்று இறக்கை வைத்தார்கள். ஒரே ஃபிரேம் நின்ற இடத்தில் நிற்க, வெளிச்சம் மட்டும் மூன்று தடவை அடித்துவிட்டுப் போகும். 16 மூன்று 48. பேசும்படம் வந்ததும் இரண்டு இறக்கை போதுமென்றானது, 24 இரண்டும் அதே 48 தானே.

ஆக மினுமினுப்பு வேறு, அசைவு வேறு. பள்ளியில் நமக்கு ‘படம் கண்ணில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் அசைவு தெரிகிறது’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கசகசப்பாகத்தானே தெரியும்? அசைவைக் கட்டுவது மூளை. இங்கே இருந்த கை அடுத்த நொடித்துணுக்கில் அங்கே இருந்தால், நடுவில் நகர்ந்திருக்க வேண்டும் என்று அது தானே முடிவுகட்டிக்கொள்கிறது. 1912-இல் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் இரண்டே கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டி இதை நிரூபித்தார். அதற்கு 16 ஃபிரேம் தாராளம்.

சரி, ஒரு பழைய படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுற்றியவர் எழுதிவைக்கவில்லை. ஆனால் படத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. அதுதான் புவியீர்ப்பு. 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல், 1895-இல் பாரிஸில் விழுந்தாலும் இன்று டர்பனில் விழுந்தாலும், தரையைத் தொட அரை வினாடி எடுக்கும். படத்தில் ஏறக்குறைய நெஞ்சு உயரத்திலிருந்து எதுவோ நழுவி விழுகிறதா? நிறுத்தி நிறுத்தி ஃபிரேம்களை எண்ணுங்கள். எட்டு ஃபிரேமில் தரையைத் தொட்டால் 16-இல் எடுத்தது. பத்தென்றால் 20. கைக்குட்டை, காகிதம் எல்லாம் உதவாது, காற்று ஏமாற்றிவிடும். கல், வாளி, தாவிக் குதிக்கும் மனிதன், சிதறும் தண்ணீர் ஆகியவை நம்பகமானவை. அணிவகுத்து நடக்கும் பட்டாளமும் நல்ல கடிகாரம். பிரிட்டிஷ் சிப்பாய்களின் விரைவு நடை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 காலடி, அதாவது ஒரு காலடிக்கு அரை வினாடி.

பட்டாளம் என்றதும் நம் ஊர்க் கதைக்கு வந்தாக வேண்டும். பாரிஸ் காட்சி முடிந்து ஐந்தாவது மாதமே, 1896 மே மாதத்தில், கார்ல் ஹெர்ட்ஸ் என்ற மேஜிக்காரர் லண்டனில் ராபர்ட் பால் செய்த ஒரு புரொஜெக்டரைக் கப்பலில் கொண்டுவந்து ஜோகன்னஸ்பர்க்கில் படம் காட்டிவிட்டார். என் ஆயா கடைசிவரை ‘பயாஸ்கோப்பு’ என்றுதான் சொன்னார், சினிமா என்று சொன்னதே இல்லை. அப்புறம் 1899-இல் பிரிட்டிஷாருக்கும் டச்சு வம்சாவளிப் போயர்களுக்கும் இடையே போயர் போர். எடிசனிடம் வேலை பார்த்துப் பிரிந்த வில்லியம் டிக்சன், பயோகிராஃப் கம்பெனியின் கனமான கேமராவோடு டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்து இறங்கினார். அவர் எடுத்தவற்றில் ஒன்று, 1900 ஜனவரியில் ஸ்பியன் கோப் என்ற குன்றில் நடந்த சண்டையின்போது ஆம்புலன்ஸ் படை துகேலா ஆற்றைக் கடப்பது.

அந்தப் படம் எனக்கு வெறும் பழைய படம் இல்லை. காந்தி திரட்டிய நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படையும் ஸ்பியன் கோப்பில் காயம்பட்டவர்களை டோலியில் வைத்துத் தூக்கி மைல் கணக்கில் நடந்தது. ஏறக்குறைய 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், அவர்களில் நம் தமிழர்களும் இருந்தார்கள். ஆற்றைக் கடப்பது எந்தப் படைப்பிரிவு என்று படத்தின் தலைப்பு சொல்லவில்லை. அதனால்தான் ஒவ்வொரு உருவத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.

இந்தப் படத்தில் நம் கணக்கு தலைகீழாகிவிடும். பயோகிராஃப் ஃபிலிம் 68 மில்லிமீட்டர் அகலம், மற்றவர்களுடையதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. வேகமும் 16 இல்லை, வினாடிக்கு 30 முதல் 40 ஃபிரேம். அதனால்தான் அவற்றில் அவ்வளவு தெளிவு, அவ்வளவு வழுவழுப்பு. இதைப் பிற்காலத்தில் சாதாரண ஃபிலிமுக்கு மாற்றி 24-இல் ஓட்டினால் மனிதர்கள் ஓடமாட்டார்கள், தண்ணீருக்குள் நடப்பவர்கள் போல மிதப்பார்கள். ஆக, பழைய படமென்றாலே மெதுவாக்கு என்று ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியாது.

சிரிப்புப் படங்களுக்கும் அந்த மருந்து கொடுக்கக் கூடாது. 1910-களின் துரத்தல் காட்சிகளில் கேமராக்காரர்கள் வேண்டுமென்றே கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார்கள், திரையில் வேகமாகத் தெரியட்டும் என்று. அங்கே போலீஸ்காரர் பறப்பதுதான் நகைச்சுவையே. போதாக்குறைக்குத் தியேட்டர்களிலும் எடுத்ததைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவது வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு காட்சி கூடுதலாக ஓடுமே! அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் வேறு, சூடான விளக்கின் முன் அதிக நேரம் நின்றால் தீப்பிடித்துக்கொள்ளும்.

இப்போது இணையத்தில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற பெயரில் இதே படங்களை வண்ணம் பூசி, வினாடிக்கு 60 ஃபிரேம் ஆக்கிப் போடுகிறார்கள். 16-லிருந்து 60 வேண்டுமென்றால் மீதி 44 ஃபிரேமை கம்ப்யூட்டர் ஊகித்து நிரப்ப வேண்டும். முகங்கள் மெழுகு பூசியது போலாகிவிடுகின்றன. கை வேகமாக வீசினால் விரல் காற்றில் கரைந்துபோகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நம் மூளை இருக்கிறதே, அதுவே சும்மா செய்துவிடும்.

இதற்கெல்லாம் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். 24-இல் ஏற்றிய லூமியேர் படமென்றால், வீடியோ ஓடும் வேகத்தை 0.75 என்று மாற்றினால் 18 கிடைக்கும். 0.67 வைக்க முடிந்தால் 16. முதலில் படத்தின் நீளத்தைப் பாருங்கள். ஏற்கெனவே ஐம்பது வினாடி ஓடுகிறதென்றால் யாரோ புண்ணியவான் சரி செய்துவிட்டார், கை வைக்காதீர்கள்.

பெரியம்மாவிடம் திரும்பி வந்து 0.67-இல் வைத்து மறுபடி போட்டேன். தோட்டக்காரர் நிதானமாக நின்றார். தண்ணீர் தண்ணீரைப் போல விழுந்தது. பையன் ஓட, அவர் போய்ப் பிடித்து, அவனை இழுத்துக்கொண்டு நடுவுக்கு வந்தார்.

“நிறுத்து, நிறுத்து” என்றார் பெரியம்மா. “பிடிச்ச இடத்துலயே ரெண்டு போடலாமே. ஏன் இங்க இழுத்துட்டு வரான்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார்.

“ஓ… பயாஸ்கோப்புப் பெட்டி இங்கதான நிக்குது!”