'ரன்' என்ற சொல்லுக்கு 645 பொருள் வந்த கதை

ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியைத் திருத்தும் பணியில், 'ரன்' என்ற ஒரே வினைச்சொல்லை முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. தேறியவை 645 பொருள்கள். 1989-இல் வெளியான 20 தொகுதிப் பதிப்பில் முதலிடத்தில் இருந்தது 'செட்'. அதற்குச் சுமார் 430 பொருள்கள்.

இவ்வளவு சின்னச் சொல் இத்தனை வேலை பார்ப்பது எப்படி? புதிதாக ஒன்றைச் சொல்ல நேரும்போதெல்லாம் நாம் புதுச் சொல் உண்டாக்குவதில்லை. புழக்கத்தில் இருக்கும் சொல்லையே சற்று நீட்டிக்கொள்கிறோம். 'ரன்' என்றால் முதலில் கால்களால் ஓடுவது. அதிலிருந்து கால்களை எடுத்துவிட்டால் அசைவு மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கிலத்தில் ஆறும் ரன் ஆகும், சளி பிடித்த மூக்கும் ரன் ஆகும். இடம்விட்டு இடம் போவதையும் எடுத்துவிட்டால், நிற்காமல் இயங்குவது மிஞ்சுகிறது. இப்படித்தான் எந்திரம் நின்ற இடத்திலேயே ரன் ஆகிறது, கம்ப்யூட்டரில் நிரல் ரன் ஆகிறது. ஒன்றை இன்னொருவர் இயக்குகிறார் என்று திருப்பினால் கம்பெனியையும் ரன் பண்ணலாம். ஓட்டப்பந்தயத்தின் போட்டியை மட்டும் பிடித்துக்கொண்டால் தேர்தலில் போட்டியிடுவதும் ரன்தான். மூக்கு ஒழுகுவதற்கும் கம்பெனி நடத்துவதற்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இடையில் எந்தக் கண்ணியும் அறுந்திருக்கவில்லை.

அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பொருளும் அதிகம் இருக்கும் என்று மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1945-லேயே எடுத்துக்காட்டினார்.

எல்லாப் பல்பொருள் சொற்களும் இப்படி ஒரே வேரில் கிளைத்தவை அல்ல. 'பேட்' என்றால் மட்டை, வௌவாலும்தான். இடைக்கால ஆங்கிலத்தில் வௌவாலின் பெயர் 'பக்கே'. அது காலப்போக்கில் ஒலி மாறி, மட்டையின் பெயரோடு தற்செயலாக ஒத்துப்போய்விட்டது.

பொருள்கள் பெருகியது ஒருபுறம் இருக்கட்டும். பேச்சின் ஓட்டத்திலேயே மூளை சரியான பொருளை எடுத்துவிடுவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979-இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகப் பிடித்துக் காட்டியது. 'பக்' என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும் அதுதான். அரசுக் கட்டடத்தின் அறை மூலையில் ஒருவர் சிலந்திகள், கரப்பான்கள், இன்னும் பல 'பக்'குகளைக் கண்டார் என்ற வாக்கியத்தைச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் காதால் கேட்டார்கள். 'பக்' ஒலித்து முடிந்த கணத்தில் திரையில் எழுத்துகள் தோன்றும். அவை உண்மையான சொல்தானா என்று உடனே சொல்ல வேண்டும்.

சிலந்தியும் கரப்பானும் முன்பே வந்துவிட்டதால் 'எறும்பு' என்ற சொல்லை விரைவாக அறிந்துகொண்டதில் வியப்பில்லை. ஆனால் 'உளவாளி' என்ற சொல்லையும் அதே கணத்தில் விரைவாக அறிந்துகொண்டார்கள். அதாவது, வாக்கியத்துக்குத் தேவையே இல்லாத பொருளும் மனத்தில் விழித்துக்கொண்டது. மூன்று அசை கழித்து, ஏறத்தாழ ஒரு நொடிக்குள், அதே சோதனையைச் செய்தபோது எறும்பு மட்டுமே மிஞ்சியது. உளவாளி அடங்கிவிட்டார். முதலில் எல்லாப் பொருள்களும் எழுகின்றன, பிறகு பொருந்தாதவை அடங்குகின்றன. இந்தச் சலசலப்பு நமக்குத் தெரிவதே இல்லை.

ஜெனிஃபர் ராடும் சக ஆய்வாளர்களும் 2002-இல் இன்னொன்றைக் கண்டார்கள். 'பேட்' போல உறவில்லாத பொருள்கள் ஒரு சொல்லில் மோதிக்கொண்டால் அதை அறிய நேரம் கூடுகிறது. 'ரன்' போல உறவுள்ள பொருள்கள் பல இருந்தாலோ வேகம் கூடுகிறது.

இப்படிச் சரியான பொருளைத் தேர்வது கணினிக்கு நெடுங்காலம் எட்டாக்கனியாக இருந்தது. 1960-இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் ஒரு சின்ன வாக்கியத்தை முன்வைத்தார்: 'பெட்டி பென்னுக்குள் இருந்தது.' பென் என்றால் பேனா. குழந்தை விளையாட அடைத்துவைக்கும் தடுப்புக்கும் அதே பெயர். பொம்மைப் பெட்டி பேனாவுக்குள் அடங்காது என்ற உலக அறிவு இல்லாமல் எந்திரத்தால் சரியான பொருளைத் தேர முடியாது என்றார். சொற்களைக் கணினிக்குப் புரியும் எண்வரிசைகளாக மாற்றும் வேர்டு டு வெக் முறை 2013-இல் வந்தது. அதிலும் இரண்டு பென்னுக்கும் ஒரே எண்வரிசைதான். 2018-இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் என்ற மொழி மாதிரி, சுற்றியுள்ள சொற்களைப் பார்த்து ஒவ்வொரு வாக்கியத்திலும் 'பென்'னுக்குப் புது எண்வரிசை கணக்கிடுகிறது. பொம்மையும் பெட்டியும் அருகில் வந்தால் அந்த எண்கள் பேனாவிடமிருந்து விலகி, தடுப்பின் பக்கம் நகர்கின்றன.