ஓர் உடம்பில் இரண்டு பேர்: தொடரிலும் கிளினிக்கிலும்

'செவரன்ஸ்' பார்த்துவிட்டு வருபவர்கள், "டாக்டர், நிஜத்துலயும் இப்படி நடக்குமா?" என்று கேட்கிறார்கள். 2022-இல் வெளியான அந்த அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரில் ஊழியர்களின் மூளைக்குள் ஒரு சிப் வைக்கிறார்கள். அலுவலக லிஃப்டில் இறங்கினால் வீட்டு ஞாபகம் போய்விடும். வேலை முடிந்து மேலே வந்தால் அலுவலகம் மறந்துவிடும். ஒரே உடம்பில் இரண்டு பேர், ஒருவருக்கு மற்றவர் யாரென்றே தெரியாது.

சிப்தான் கற்பனை. நினைவு துண்டுபடுவது உண்மையிலேயே உண்டு, அதைத் தொடர் நன்றாகப் பிடித்திருக்கிறது. நம்மூர்ப் படங்களில் இரண்டாவது ஆள் வந்தாலே கொலைதான்!

ஒரே ஆளுக்குள் வேறு வேறு ஆட்கள் மாறி மாறி வந்து, நடுவில் நடந்தது மறந்துபோகும் இந்த நோயை முன்பு மல்டிபிள் பெர்சனாலிட்டி என்றோம். 1994 முதல் டிஸ்அசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர். கிளினிக்கில் இது கர்ஜனையோடு வராது. கல்லூரி மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம் (பலரிடம் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன்). அவர் நோட்டில் இரண்டு பக்கம் வேறு கையெழுத்தில் இருக்கிறது. பையில் ஒரு பஸ் டிக்கெட், எங்கே போனார் என்று அவருக்கே தெரியவில்லை. "நேத்து ஏன்டி என்கிட்ட அப்படிக் கத்துன?" என்று தோழி கேட்டால், ஞாபகம் இருப்பதுபோல் சிரித்துச் சமாளிக்கிறார். வீட்டில் அவருக்குப் 'புளுகுணி' என்று பெயர். பல வருடம் இப்படியே மறைத்துவிட்டு, கடைசியில் தூக்கம் வரவில்லை என்றுதான் டாக்டரிடம் வருவார்கள்.

பெரும்பாலும் இதன் வேர், சின்ன வயதில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமை. பல நேரம் அது வீட்டுக்குள்ளேயே, பிள்ளை நம்பிய ஆளாலேயே நடந்திருக்கும். அதனால்தான் விசாரிக்கும்போது பெற்றோரை வெளியே உட்காரச் சொல்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இது மனச்சிதைவு நோய் அல்ல. காதில் குரல் கேட்பது இரண்டிலும் வரலாம், ஆனால் மனச்சிதைவுக்கு மருந்துதான் பிரதானம். இதற்குப் பேச்சு சிகிச்சை, அதுவும் வருடக்கணக்கில். கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை. வலிப்பின் சில வகைகளும் இதே மாதிரி தெரியும் என்பதால் முதலில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுப்போம்.

நம் பக்கம் இரண்டாவது ஆள் பெரும்பாலும் சாமியாகவோ பேயாகவோதான் வருகிறார். கோயில் கொடையில் அருள் வந்து ஆடிவிட்டு, திருநீறு பூசியதும் வேலையைப் பார்க்கப் போகிறவருக்கு நோய் எதுவும் இல்லை. கேட்காமல், கண்ட இடத்தில் வந்து, அந்த ஆளையே வதைத்தால்தான் சிகிச்சை வேண்டும். பேயோட்டும் கோடாங்கியிடம் போவதை நான் தடுப்பதில்லை. அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, கட்டிப்போடுவது எல்லாம் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 நோயாளிகள் கருகிப் போனார்கள். சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பது குற்றம்.

வீட்டில் அப்படி ஆகும்போது, "நீ யாரு, எதுக்கு வந்த?" என்று குறுக்கு விசாரணை வேண்டாம். செல்போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். கூட்டத்தைக் கலைத்துவிட்டு உட்கார வையுங்கள். நீங்கள் யார், இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று நிதானமாகச் சொல்லுங்கள். அப்புறம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, எது ஞாபகமில்லை என்று குறித்துவைத்துக் கொண்டுவாருங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.