நடிகரின் மூச்சும் உணர்ச்சியின் ஏற்ற இறக்கமும்

"இன்னும் கோபமாகச் சொல்லுங்கள்" என்று இயக்குநர் கேட்டால், புதிதாக நடிக்க வந்தவர் பெரும்பாலும் குரலைத்தான் உயர்த்துவார். சத்தம் கூடும், கோபம் கூடாது. 'கோபப்படு' என்று மனதுக்கு உத்தரவு போட்டால் அது கேட்பதில்லை. மூச்சும் தசையும் கேட்கும்.

சிலி நாட்டு நரம்பியல் உளவியலாளர் சுசானா ப்ளோக் 1970களில் தொடங்கிய ஆய்வு இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒவ்வோர் அடிப்படை உணர்ச்சிக்கும் தனி மூச்சு, முகபாவம், உடல்நிலை இருப்பதைக் கண்ட அவர், அவற்றை வேண்டுமென்றே செய்தால் உணர்ச்சியும் பின்னால் வருகிறது என்றார். 'ஆல்பா எமோட்டிங்' (Alba Emoting) என்ற பயிற்சிமுறை அப்படி உருவானது. 1983இல் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் குழுவினரும் நடிகர்களை முகத்தசைகளை மட்டும் ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கோபத்துக்கும் பயத்துக்கும் உரிய முகங்களில் இதயத்துடிப்பு ஏறியது. கோபத்தில் விரல்நுனியின் சூடும் கூடியது.

கோபத்தையே எடுத்துக்கொள்வோம். மூக்கு வழியே வேகமான மூச்சு, இறுகிய தாடை, முன்னே சாயும் உடல். முதல் படியில் இவை லேசாக இருந்தால் போதும். அப்புறம் ஒவ்வொரு படியாக மூச்சின் வேகத்தையும் இறுக்கத்தையும் கூட்டி, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மூச்சு முதலில் மாற வேண்டும், வசனம் அதன்மேல் ஏறி வர வேண்டும். நான்காவது படியில் உடலை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் தாழ்த்திப் பாருங்கள். கத்துவதைவிட அது பயங்கரமாக இருக்கும்.

ஒரு உணர்ச்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது வேறு கதை. கோபம் போனாலும் அட்ரினலின் உடனே போவதில்லை. உடலின் படபடப்பு மிச்சமிருக்கும். அடுத்து அழுகை வந்தால், அந்தப் படபடப்பே அழுகையை இன்னும் தீவிரமாக்கும். அதனால் நடுவில் சமநிலைக்கு வந்து புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. இருக்கிற வேகத்திலேயே மூச்சை மட்டும் மாற்றலாம்: துண்டுதுண்டாக உள்ளே இழுத்து, பெருமூச்சாக வெளியே விடுவது.

இறங்குவதற்குப் பல பயிற்சிகளில் நேரமே ஒதுக்குவதில்லை. இது பெரிய தவறு என்பேன். ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத நடிகர் ஒத்திகையின் கோபத்தை உடலிலேயே சுமந்துகொண்டு போவார். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது. அப்படிச் சில மூச்சுகள், முகத்தைக் கைகளால் தேய்த்துத் தளர்த்துவது, நிற்கும் நிலையை மாற்றுவது. முதல் வகுப்பிலேயே, கோபத்தின் முதல் படிக்கு முன்பே, இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.