செல்சுவரில் எவ்வளவு சர்க்கரை? அதை அளக்க யார் பணம் தருவது?

பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள சர்க்கரைகளை அளப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. இந்தச் சர்க்கரை நாம் தின்பதல்ல. என்-அசிட்டைல் குளுக்கோசமைன், என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம் என்ற இரண்டும் மாறி மாறிக் கோத்த நீண்ட சரங்களைச் சின்னச் சின்ன பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலத் துணுக்குகள், குறுக்கே பிணைத்து வைத்திருக்கின்றன. பாக்டீரியாவைச் சுற்றியுள்ள இந்த வலை அறுந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் தாங்காமல் செல் வெடித்துவிடும். பென்சிலின் தடுப்பது அந்தக் குறுக்குப் பிணைப்பைத்தான். கண்ணீரில் இருக்கும் லைசோசைம் சரத்தையே வெட்டுகிறது. காசநோய்க் கிருமிக்கு இதற்கு மேல் அராபினோஸும் கேலக்டோஸும் சேர்ந்த இன்னோர் அடுக்கு உண்டு, எத்தாம்ப்யூட்டால் என்ற மருந்து அந்த அராபினோஸ் சங்கிலியை வளரவிடாமல் செய்கிறது. ஒரு மருந்து சுவரை என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து இந்தச் சர்க்கரைகளை அளந்துதான் ஆக வேண்டும்.

அளப்பது எளிதில்லை. செல்லை உடைத்து, சுவரை மட்டும் பிரித்து, புரதம் ஒட்டாமல் கழுவி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மணிக்கணக்கில் சூடாக்குகிறோம். நேரம் குறைந்தால் சரம் முழுதாக உடையாது, கூடினால் உடைந்து வந்த சர்க்கரையே சிதையும், அதிலும் மியூராமிக் அமிலம் குளுக்கோசமைனைவிடச் சீக்கிரம் போய்விடும். அதனால் அளவு தெரிந்த சுத்தமான மியூராமிக் அமிலத்தையும் கூடவே சூடாக்கி, எவ்வளவு இழந்தோம் என்று பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். இதைச் செய்யாத எண்ணை நான் நம்புவதில்லை. புதிதாக வரும் மாணவர்கள் சிலர் 1956 முதல் எல்லோரும் பயன்படுத்தும், சர்க்கரையை நிறத்தால் அளக்கும் பீனால்-சல்பியூரிக் அமில முறையைக் கையில் எடுப்பார்கள், வேகமானது, மலிவானது. ஆனால் இந்தச் சுவரில் இருப்பதுபோல் நைட்ரஜன் சேர்ந்த அமினோ சர்க்கரைகளுக்கு அதில் நிறமே சரியாக வராது. சர்க்கரை இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்!

ஒருமுறை, சர்க்கரைகளை ஒரு குழாய் வழியே ஓட்டித் தனித்தனியாகப் பிரிக்கும் எங்கள் குரோமட்டோகிராபியில் அவை வழக்கமான நேரத்துக்கு முன்பே வெளிவந்தன. ஒரு மாணவி தன் பாக்டீரியாவின் சுவரே மாறிவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் உழைத்தாள். எங்கள் டெக்னீஷியன் வந்து பார்த்தார், சர்க்கரைகளைக் குழாயில் தள்ளிச் செல்லும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் திறந்து கிடந்ததால் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட் ஆகியிருந்தது, அதனால்தான் அவை சீக்கிரம் வந்தன. புதுக் கரைசல் ஊற்றியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தது. அவர் இல்லையென்றால் அது ஆய்வுக் கட்டுரையாகவே போயிருக்கலாம்.

அந்த டெக்னீஷியனின் சம்பளம் எந்த ஆய்வுத் திட்டத்திலும் இல்லை, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சில ஆண்டுகளுக்கென்று வரும் திட்ட நிதி புதுக் கருவி வாங்கத் தரும், ஆராய்ச்சி மாணவருக்குத் தரும். கருவியில் சர்க்கரையை உணரும் தங்க மின்முனை தேய்ந்தால் மாற்றவோ, பிரிப்புக் குழாய் பழுதானால் புதிது வாங்கவோ, திட்டம் முடிந்தபின் கருவியைப் பராமரிக்கவோ பெரும்பாலும் தராது. அதெல்லாம் அரசு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் தரும் அடிப்படை நிதியிலிருந்துதான் வர வேண்டும். அது குறையும்போது கட்டடமும் பெயர்ப்பலகையும் அப்படியே நிற்கும், ஆய்வும் நடக்கும், ஆனால் திருத்தக் கணக்குக்கான சோதனை மூன்று முறைக்குப் பதில் ஒருமுறை நடக்கும், அப்புறம் அதுவும் நின்றுபோகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது, எண்கள் மட்டும் மெல்லத் தவறாகிக்கொண்டே போகும்.

லாபம் வராத பாக்டீரியாவை அளக்கச் சொல்லித் தனியார் யாரும் எங்களிடம் வந்ததில்லை. அந்த வேலையை மக்கள் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம்தான் செய்ய வேண்டும், முடிவை எல்லோருக்கும் திறந்து வைக்கவும் வேண்டும். ஆகவே பல்கலைக்கழக நிதி பற்றிப் பேச்சு வரும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். பராமரிப்புக்கு எவ்வளவு, டெக்னீஷியன் பணியிடங்கள் எத்தனை காலி என்றும் கேளுங்கள். எங்கள் டெக்னீஷியன் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு ஆள் எடுக்க இன்னும் அனுமதி வரவில்லை.