கிளட்ச் லிவரில் அந்தச் சின்ன ஆட்டம் எதற்கு?

"ரேஸ் கொடுத்தா சத்தம்தான் ஏறுது, வண்டி இழுக்க மாட்டேங்குதுண்ணே" என்று ஒரு தம்பி பைக்கோடு வந்தார். கிளட்ச் பிளேட் மாற்றி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. லிவரின் நுனியை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. கேபிள் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. லிவர் லூசாக இருக்கிறதே என்று அவரே அட்ஜஸ்டரைத் திருகி இறுக்கியிருக்கிறார்.

கழற்றிப் பார்த்தபோது புஷ் ராடின் நுனி நீலம் பாய்ந்து, சுத்தியல் அடி வாங்கிய உளித்தலை போல விரிந்திருந்தது. பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினால் கரகரவென்றது. புது பிளேட்டுகள் கருகியிருந்தன.

லிவரை விட்டிருக்கும்போது ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட்டை அழுத்தி, பிளேட்டுகளை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடியில்தான் இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போகும். லிவரை இழுத்தால் கேபிள் இன்ஜின் பக்கத்து ஆர்மைத் திருப்பும். ஆர்ம் புஷ் ராடைத் தள்ளும், ராட் பேரிங் வழியாகப் பிரஷர் பிளேட்டை விலக்கும். லிவரில் ப்ளே, அதாவது அந்தச் சின்ன ஆட்டம், இல்லையென்றால், நீங்கள் கையை எடுத்த பிறகும் ராட் கொஞ்சம் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பிளேட் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிச் சூடாகும். லிவரை இழுக்கும்போது மட்டும் உழைக்க வேண்டிய பேரிங், ஓடும் நேரமெல்லாம் பாரம் சுமக்கும்.

பல வண்டிகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை ப்ளே சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் ப்ளே காணாமல் போனால், கேபிள் எங்கேயோ மாட்டி இழுபடுகிறது. அதற்கு அட்ஜஸ்டர் மருந்தல்ல, கேபிள் போகும் வழியைச் சரிசெய்ய வேண்டும்.

ப்ளே மாறினால் எந்தப் பக்கம் மாறியது என்று பார்ப்பது என் வழக்கம். கேபிள் கிளட்ச் உள்ள பெரும்பாலான வண்டிகளில், பிளேட் தேயத் தேய ப்ளே குறையும். அதனால் குறைந்துகொண்டே வந்தால் பிளேட் தேய்வைச் சந்தேகப்படுவேன். கூடிக்கொண்டே போனால் கேபிள் நீள்கிறது, அல்லது ராட், ஆர்ம், பேரிங் இவற்றில் ஏதோ தேய்கிறது. போன வாரம் சரிசெய்தது இந்த வாரமே மறுபடி லூசாகிவிட்டது என்றால், தயவுசெய்து இன்னொரு சுற்று இறுக்காதீர்கள். கேபிளுக்குள் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கலாம்.

கேபிள் பெரும்பாலும் அறுவது லிவரில் மாட்டியிருக்கும் நிப்பிள் பக்கத்தில்தான். உருளை மாதிரி இருக்கும் அந்த உலோகத் துண்டு, லிவரை இழுக்கும்போது தன் குழிக்குள் லேசாகச் சுழல வேண்டும். கிரீஸ் காய்ந்து, மண் அடைத்துச் சுழலாமல் நின்றுவிட்டால், ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி அதே இடத்தில் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போமே, அதேதான். ரப்பர் உறையை விலக்கி, டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள். ஓர் இழை முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். நீட்டியதை நறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள், மிச்ச இழைகள் அதே பாரத்தைத்தான் இழுக்கின்றன. புதுசு போடும்போது நிப்பிளுக்கும் லிவர் போல்ட்டுக்கும் கொஞ்சம் கிரீஸ். உள்ளே டெஃப்லான் குழாய் உள்ள கேபிள் என்றால் எண்ணெய் விடலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, ப்ளே வைப்பது எப்படி? லிவர் பக்கத்து அட்ஜஸ்டரை முதலில் தளர்த்தி உள்ளே விடுங்கள். பெரிய மாற்றத்தை இன்ஜின் பக்கத்து நட்டுகளில் செய்துவிட்டு, நுணுக்கத்தை மட்டும் மேலே வைத்துக்கொள்ளுங்கள். லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும், இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்துவிடும். அட்ஜஸ்டரின் வெட்டு வானம் பார்த்து நிற்க வேண்டாம், மழைத்தண்ணீர் நேராகக் கேபிளுக்குள் இறங்கும்.

ப்ளே அதிகமாக இருந்தாலும் தொல்லைதான். கிளட்ச் முழுசாக விடாது, நியூட்ரல் விழாது, கியர் போட்டதும் வண்டி நகரப் பார்க்கும். ப்ளே சரியாக இருந்தும் கிளட்ச் வழுக்கினால் என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். எண்ணெயில் ஊறி ஓடும் கிளட்சுக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற தரக்குறி இருக்க வேண்டும். கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் கேபிள் கவலை இல்லை. ஆனால் திரவத்தின் அளவும் நிறமும் பாருங்கள், மூடியில் எழுதியிருக்கும் வகையைத் தவிர வேறெதையும் கலக்காதீர்கள்.

அந்தத் தம்பிக்கு ராட், பேரிங், பிளேட் மூன்றும் மாற்ற வேண்டியதாயிற்று. கேபிளின் நிப்பிள் பக்கம் பார்த்தால் இரண்டு இழை ஏற்கெனவே போயிருந்தது, அதையும் மாற்றினோம். கிளம்பும் முன் லிவரை அவர் விரலாலேயே அசைக்கச் சொன்னேன். "இவ்வளவு லூசா இருக்கணுமாண்ணே?" என்று கேட்டார். ஆமாம், இவ்வளவு இருக்கணும்.