ஃபார்மட் செய்த விண்டோஸ் 7 ஏன் அப்டேட் ஆக மறுக்கிறது?

விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி மக்கர் செய்தால் பெரும்பாலானோர் முதலில் கையிலெடுப்பது ஃபார்மட்டைத்தான். புதிதாக ஓஎஸ் போட்டு முடித்து அப்டேட் பக்கத்தைத் திறந்தால், பச்சைப் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் காத்திருந்தாலும் ஒன்றும் இறங்காது. டாஸ்க் மேனேஜரில், விண்டோஸின் பின்னணிச் சேவைகளை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரே புராசஸ் சிபியுவைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். சில கணினிகளில் தேடலே நடக்காது, ஏதோ ஒரு பிழை எண் மட்டும் வரும். "சிஸ்டம் பழசாயிடுச்சு, மாத்திடுங்க" என்று சர்வீஸ் கடையில் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கோளாறுக்கும் கணினியின் வயதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அதுவரை வந்த திருத்தங்களின் தொகுப்பான விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 வெளிவந்தது 2011 பிப்ரவரியில். அது சேர்ந்த விண்டோஸ் டிவிடியிலிருந்து எத்தனை தடவை ஓஎஸ் போட்டாலும் கணினி 2011க்குத்தான் திரும்பிப் போகிறது. அப்போது எழுதப்பட்ட அப்டேட் நிரல், அதற்குப் பின்னால் மாறிப்போன சர்வரோடு பேச முயன்று தடுமாறுகிறது.

முதலில் அந்த முடிவில்லாத தேடல். மைக்ரோசாப்ட் வெளியிடும் ஒவ்வொரு அப்டேட்டிலும், அது எந்தெந்தப் பழைய அப்டேட்டுகளுக்குப் பதிலாக வந்தது என்ற விவரம் இருக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வந்த ஒரு தொகுப்பு முந்தையதை ரத்து செய்யும். அது அதற்கும் முந்தையதை ரத்து செய்திருக்கும். நிலம் வாங்கும் முன் வில்லங்கம் பார்ப்பது போல, உங்கள் கணினிக்கு எது தேவை என்று முடிவு செய்ய அந்த நிரல் சங்கிலி முழுவதையும் பின்னோக்கித் துருவ வேண்டும். சங்கிலி நீள நீள வேலை பல மடங்கு பெருகும். விண்டோஸ் எக்ஸ்பியில் 2013 இறுதியில் இதே சிக்கல் வெடித்தது. காலாவதியான எக்ஸ்புளோரர் அப்டேட்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகுதான் அந்தக் கணினிகளுக்கு மூச்சு வந்தது. விண்டோஸ் 7க்கான மருந்து 2016 ஜூலையில் வந்த கேபி3172605 (கேபி என்று தொடங்குவது மைக்ரோசாப்ட் அப்டேட்டுகளின் அடையாள எண்). அப்டேட் நிரலையே திருத்தும் தொகுப்பு அது. ஆனால் அதை நிறுவ, 2015இல் வந்த கேபி3020369 ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும். மற்ற அப்டேட்டுகளை நிறுவித்தரும் அடிப்படைப் பகுதியைப் புதுப்பிப்பது அதுதான்.

இரண்டாவது தடை கையொப்பம். வந்த ஃபைல் மைக்ரோசாப்டுடையதுதானா, வழியில் யாரும் கைவைத்தார்களா என்று விண்டோஸ் சரிபார்க்கும். இதற்கு ஃபைலிலிருந்து கணக்கிட்டெடுத்த ஓர் எண், கைரேகை மாதிரி, கையொப்பமிடப்பட்டிருக்கும். பழைய முறையின் பெயர் ஷா-1. வேறுவேறு உள்ளடக்கம் கொண்ட இரண்டு பிடிஎஃப் ஃபைல்களுக்கு ஒரே ஷா-1 எண் வரும்படி செய்ய முடியும் என்று ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் 2017இல் செய்தே காட்டின. அதன் மேல் நம்பிக்கை வைப்பது அத்தோடு முடிந்தது. 2019 ஆகஸ்ட் முதல் விண்டோஸ் 7 அப்டேட்டுகள் அதைவிட வலுவான புது முறையான ஷா-2 கையொப்பத்தோடு மட்டுமே வந்தன. 2020இல் பழைய ஷா-1 சர்வர் வழியையும் மூடிவிட்டார்கள். 2011இன் விண்டோஸுக்கு இந்தப் புதிய கையொப்பத்தைச் சரிபார்க்கத் தெரியாது. அதனால் அசல் அப்டேட்டையே சந்தேகப்பட்டுத் தள்ளிவிடும். 80092004 என்ற பிழை எண் இப்படித்தான் வருகிறது. கேபி4490628, கேபி4474419 இரண்டையும் போட்டால் புதிய கையொப்பம் புரியும். பழைய கையொப்பமும் அவற்றில் இருப்பதால் பழைய விண்டோஸ் அவற்றை ஏற்றுக்கொள்ளும்.

ஆக, மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்திலிருந்து இந்த நான்கையும் வேறொரு கணினியில் இறக்கி, வெளிவந்த வரிசையிலேயே நிறுவுங்கள்: 3020369, 3172605, 4490628, 4474419. 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து எடுங்கள். நிறுவும் முன் நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு, 'அப்டேட் தேட வேண்டாம்' என்று அமைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வது முக்கியம். இல்லாவிட்டால் கையில் இருக்கும் ஃபைலும் அதே தேடலில் மாட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கணினி ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சர்வரின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை' என்று கணினி எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். சில ரூபாய் பேட்டரிக்காக ஓஎஸ்ஸையே மாற்றுகிறவர்கள் உண்டு.

இறங்கும் அப்டேட்டுகளை விண்டோஸ் சேர்த்துவைக்கும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றச் சொல்வது எல்லோரும் கொடுக்கும் வைத்தியம். அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு அதைச் செய்தால், கெட்டுப்போன தரவுத்தளமும் பாதியில் நின்ற டவுன்லோடுகளும் ஒதுங்கும். சேவை திரும்ப ஓடும்போது புது ஃபோல்டர் உருவாகும். பல மாதம் ஓடிய கணினிக்கு இது நன்றாகவே கேட்கும். நேற்று ஃபார்மட் செய்த கணினியில் கெட்டுப்போக அங்கே ஒன்றுமே இருக்காது.

அப்புறம், 2015க்குப் பிந்தைய கணினியில் விண்டோஸ் 7 போடுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறை புராசஸர் காலத்து சிப்செட்களில் பழைய யுஎஸ்பி கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 7 டிவிடியிலோ யுஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. நிறுவல் திரை வந்ததும் மவுஸும் கீபோர்டும் செத்துவிடும். 'சிடி/டிவிடி டிரைவர் இல்லை' என்று பொருத்தமில்லாத செய்தி வரும். டிஐஎஸ்எம் என்ற மைக்ரோசாப்ட் கருவியால் டிரைவரை முன்கூட்டியே நிறுவல் ஃபைல்களுக்குள் சேர்ப்பதுதான் தீர்வு. கணினியில் நிறுவப்படும் விண்டோஸ் அடங்கிய இன்ஸ்டால்.விம் ஃபைலில் மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் பலர் சறுக்கும் இடம். நிறுவல் திரையை இயக்குவது பூட்.விம். அதற்குள்ளும் டிரைவர் போக வேண்டும், குறிப்பாக அதன் இரண்டாவது பகுதிக்குள். மேலே சொன்ன அப்டேட்டுகளையும் இதே வழியில் இன்ஸ்டால்.விம்மில் சேர்த்துவிட்டால், அடுத்த ஃபார்மட்டில் கணினி 2011க்குப் போகாது. இதற்குச் சோம்பல்பட்டு, யாரோ மாற்றியமைத்த ஐஎஸ்ஓவை (டிவிடியின் நகலான ஒரே ஃபைல்) இறக்கிப் போடாதீர்கள். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க உங்களிடம் வழியே இல்லை.

விண்டோஸ் 7க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14 அன்று நின்றுவிட்டது. பழைய ஸ்கேனருக்கோ, புது விண்டோஸில் ஓடாத ஒரு மென்பொருளுக்கோ அந்தக் கணினியை வைத்திருப்பது நியாயம்தான். வங்கிக் கணக்கை அதில் திறக்க வேண்டாம். வேலை இல்லாதபோது நெட் கேபிளையும் கழற்றியே வையுங்கள்.